தறியை நிறுத்திய இசைத்தட்டு

ஜெயவேல் ஊசியை வைத்து, ஒப்பாரி இரண்டாவது அடிக்குப் போவதற்குள் தெருவில் தறிச்சத்தம் நின்றுவிட்டது. அந்தத் தெருவில் எல்லாத் தறியும் ஒன்றாக நிற்பது சாவுக்கு மட்டும்தான்.

"அண்ணே, கொழாய எங்க வச்சீங்க?"

"ஜன்னல்லதான். தெருவப் பாத்து," என்றார் சவுண்ட் சர்வீஸ் சக்கரவர்த்தி. இருபது வருஷத் தொழிலில் அவர் ஒலிபெருக்கிக் குழாயை வேறு பக்கம் திருப்பியதே இல்லை.

"கண்ணகி ஒருத்தி கேக்கறதுக்குண்ணே. ஊருக்கில்ல."

கண்ணகி ஜெயவேலின் மனைவி. நெசவாளர் சங்கத்துக்குப் போனவள் வருவதற்குள் ஒரு தடவை போட்டுப் பார்த்தான். கலசப்பாக்கத்தில் அவள் அம்மா பொன்னியம்மாள் இறந்து இரண்டு வருஷம். ஒரு போட்டோகூட எடுத்து வைக்கவில்லை. போன மாதம் தறியில் உட்கார்ந்தபடியே, "அம்மா கொரலே மறந்து பூடும் போல கீது," என்றாள். அன்றிலிருந்து ஜெயவேலுக்குச் சோறு இறங்கவில்லை.

எப்போதோ காலேஜ்காரர்கள் ஊருக்கு வந்து டேப்பில் பாட்டுப் பிடித்துப் போனதாக அவள் சொல்லியிருந்தாள். மெட்ராஸில் ஒரு பழைய சாமான் கடையில் அந்த நாட்டுப்பாட்டுத் தட்டு அகப்பட்டேவிட்டது. உறையில் அச்சடித்திருந்தது: 'ஒப்பாரி - பொன்னியம்மாள், கலசப்பாக்கம்'. ஆரணி வரும்வரை பஸ்ஸில் அதை மடியிலிருந்து இறக்கவில்லை அவன்.

இப்போது வாசலில் ஆள் சேர்ந்தது. எதிர்வீட்டுத் தனக்கோடி தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முதல் ஆளாக வந்தார். "யாருப்பா? அப்பாவா?"

"யாருமில்ல மாமா." பதற்றத்தில் தட்டைத் திருப்பிப் போட்டான் ஜெயவேல். மறுபக்கம் நலங்குப் பாட்டு. மாப்பிள்ளைக்குச் சந்தனம் பூசச் சொல்லி ஒரு கூட்டமே கும்மாளம் போட்டது.

"சாவு ஊட்ல நலங்கா?" தனக்கோடியின் முகம் சுருங்கியது.

"பேஜாரே வாணாம், மைக்ல சொல்லிடு," என்றார் சக்கரவர்த்தி.

நல்ல யோசனைதான். "எங்கப்பா நல்லாத்தான் கீறாரு" என்று சொல்ல ஜெயவேல் மைக்கைப் பிடித்தான். "எங்கப்பா" வரைக்கும் வந்தது. அதற்கு மேல் மைக் போட்ட கீச்சில் தெருவே காதைப் பொத்திக்கொண்டது.

சேதி அடுத்த தெருவுக்கும் போயிற்று. கலசப்பாக்கத்திலிருந்து பிழைக்க வந்து கோயிலடியில் பூக்கட்டும் பச்சையம்மாள் பெரிய மாலையோடு வந்து சேர்ந்தாள். ஜெயவேலின் அப்பா ரங்கசாமியும் வந்தார், சலூனிலிருந்து, அப்போதுதான் சவரம் செய்த முகத்தோடு.

"மாலை யாருக்கும்மா?"

பச்சையம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "உங்களுக்குத்தாங்க கட்டிகினு வந்தேன்."

ரங்கசாமி மாலையைத் தொட்டுப் பார்த்தார். "பூவு நல்லா கீது."

மாமனார் போய்விட்டார் என்று கேள்விப்பட்டு நெசவாளர் சங்கத்திலிருந்து ஓடிவந்த கண்ணகி, அவரைக் கண்டதும் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஜெயவேல் எல்லோர் முன்னாலும் உண்மையைச் சொன்னான். "உங்கம்மா கொரலு, கண்ணகி. உனக்கோசரம் வாங்கியாந்தேன்."

திட்டக் கிளம்பிய தெரு அப்படியே உட்கார்ந்தது. ஊசி மறுபடி ஒப்பாரியில் இறங்கியது.

கண்ணகி கேட்டாள். முகத்தில் ஒன்றுமில்லை. நடுவில் ஜெயவேலிடம் எதையோ சொல்ல வாயெடுத்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் விட்டுவிட்டாள். இத்தனை பாடுபட்டும் அவள் மனசைத் தொடவில்லையே என்று அவனுக்கு அழுகை முட்டியது.

பாட்டு முடியும் இடத்தில் யாரோ ஒருத்தி குறுக்கே புகுந்து அதட்டினாள். "போதும் நிறுத்துடி. பொண்ணு இஸ்கோலு உட்டு வந்துடும், இன்னும் ஒலயே வக்கல."

கண்ணகி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கி அழுதாள்.

"அந்த எடத்த இன்னொரு வாட்டி வைங்க."

"அது யாரோ ஊடால பேசிட்டாங்க கண்ணகி. மொதல்லேர்ந்து வக்கறேன், பாட்டக் கேளு."

"பாட்டு வாணாம். அதையே வைங்க."

ஒன்றும் புரியாமல் நின்ற ஜெயவேலின் கையைப் பச்சையம்மாள் பிடித்துக்கொண்டாள்.

"தம்பி, ஒப்பாரி பாடனது நானு, காலேஜ்காரங்க பேரு கேட்டப்ப முந்திகினு தன் பேரச் சொல்லிட்டா பொன்னியம்மா, கடைசில என்ன அதட்டறா பாரு, அதான் உன் மாமியா கொரலு."