ஒரு கீறல் கூடக் கிடையாது

முகமது இஸ்மாயில் அன்று காலையில் பல்லைத் துலக்காமல் காரைத் துலக்கிக்கொண்டிருந்தார்.

பின்பக்க இடது கதவில் ஒரு கீறல். சுண்டுவிரல் நீளம்தான். வேறு யாராக இருந்தாலும் எச்சிலைத் தொட்டுத் தடவிவிட்டுப் போயிருப்பார்கள். இஸ்மாயிலால் முடியாது. சவூதியில் இருபத்தாறு வருஷம் டிரெய்லர் ஓட்டியவர் அவர். மணல்காற்றில் முன்னால் போகிற வண்டியின் விளக்கே தெரியாத ரோட்டில் ஓட்டியும் ஒரு தரம் கூட எங்கேயும் உரசியதில்லை. அருப்புக்கோட்டையில் அவரைத் தெரிந்த எல்லோருக்கும் இது தெரியும். தெரியாதவர்களுக்கு அவரே சொல்லிவிடுவார்.

பற்பசை போட்டுத் தேய்த்தால் கீறல் மறையும் என்று செல்போனில் எவனோ சொல்லியிருந்தான். அதை நம்பி விடிந்ததிலிருந்து தேய்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, பேஸ்ட்டு பூராத்தையும் பிதுக்கிட்டீகளா? நான் எதை வச்சுப் பல்லு வெளக்க?" என்று கேட்டபடி அவர் மனைவி மும்தாஜ் பேகம் டீயோடு வந்தார். குனிந்து கதவைப் பார்த்தார். "இதுக்கா இம்புட்டுப் பாடு? இன்சூரன்ஸுல சொன்னா அவுக பாத்துக்குறாக."

இஸ்மாயில் எழுந்து நின்றுவிட்டார்.

"க்ளெய்மா? இந்த வண்டிக்கா? புரிஞ்சுதான் பேசுறியா? ஒரு வருஷம் க்ளெய்ம் கேக்காம ஓட்டுனா பிரீமியத்துல இருபது பெர்சன்ட் தள்ளுபடி. அப்படியே அஞ்சு வருஷம் போனா அம்பது. அதுக்குப் பேருதான் போனஸு. இடையில ஒரே ஒரு தடவை கேட்டா மொத்தமும் பூச்சியம். பரமபதத்துல பாம்பு கடிச்ச மாதிரி. நம்ம வண்டி வாங்கி ஆறு வருஷம் ஆச்சு. அம்பது பெர்சன்ட்! ஊருக்குள்ள எவனுக்கு இருக்கு?"

ஐம்பது என்பது அவராகவே போட்ட கணக்கு. ஆறு வருஷத்துக்கு முன்னால் லீவில் வந்தபோது மும்தாஜ் பேரில் வாங்கிய கார் அது. பாலிசி புதுப்பிப்பது, பணம் கட்டுவது எல்லாம் மும்தாஜ் பொறுப்பு. போன நோன்புப் பெருநாளுக்குத்தான் இஸ்மாயில் ஒரேயடியாக ஊர் திரும்பியிருந்தார். அதுவரை லீவில் வரும்போதெல்லாம் கார் ஷெட்டில் அன்று வாங்கியது போலவே பளபளத்துக்கொண்டு நிற்கும். அதைவிட வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

"சரி, சின்னதுக்குக் கேக்க வேணாம். ஆனா நோண்டாதீக" என்றார் மும்தாஜ். "கேக்குறதுன்னா உடனே போட்டோ எடுத்துத் தகவல் சொல்லிரணும். கம்பெனி சர்வேயர் வந்து சேதத்தைப் பாக்குற வரைக்கும் எதையும் தொடக் கூடாது. தொட்டா அவுக காசைப் பிடிச்சுக்கிருவாக."

"இதெல்லாம் உனக்கு யாரு சொன்னா?"

"டிவியில சொன்னாக" என்று மும்தாஜ் டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

இஸ்மாயிலின் கவலை போனஸோடு நிற்கவில்லை. இன்னும் பத்து நாளில் தங்கச்சி மகன் சபீருக்குத் திருச்சுழியில் கல்யாணம். எத்தனையோ பேர் பெரிய பெரிய கார் தருகிறேன் என்று வந்தும், "எங்கண்ணன் கார்தான் மாப்பிள்ளை கார். ஊர்லயே ஒரு கீறல் இல்லாத வண்டி அதான்" என்று தங்கச்சி சொல்லிவிட்டது. இப்போது கீறலோடு போய் நின்றால் இருபத்தாறு வருஷத்து மானம் மாப்பிள்ளையோடு சேர்ந்து ஊர்வலம் போய்விடும்.

பற்பசை காய்ந்தது. கீறல் இருந்த இடத்தில் கீறலும், அதைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்கு மங்கலும் தெரிந்தன.

பக்கத்துத் தெரு பால்ச்சாமி வந்து பார்த்தான். எம்.ரெட்டியபட்டி ரூட்டில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். இஸ்மாயிலோடு ஒன்றாகப் படித்தவன்.

"ஏலே இஸ்மாயிலு, கதவுக்கு ஏம்லே தேமல் வந்திருக்கு?"

"வெளிய சத்தம் போடாத. வழி இருந்தாச் சொல்லு."

"உப்புத்தாளை வச்சு லேசா ஒரு இழுப்பு, மேல ஸ்பிரே பெயிண்டு. என் ஆட்டோவுக்கு நாந்தானே அடிக்கேன்!"

பால்ச்சாமியின் ஆட்டோவைப் பார்த்திருந்தும் இஸ்மாயில் சம்மதித்தார் என்றால் அவர் நிலைமையைப் புரிந்துகொள்ளலாம்.

லேசாக ஒரு இழுப்பு என்று ஆரம்பித்த பால்ச்சாமிக்குக் கை சூடு பிடித்துவிட்டது. நிறுத்தியபோது ஒரு முறம் அளவுக்குத் தகரம் பல்லைக் காட்டியது. "ஏலே, போதும்லே!" என்று இஸ்மாயில் கத்திக்கொண்டிருக்கும்போதே அவன் வெள்ளைப் பெயிண்டு டப்பாவைக் குலுக்கி அடித்தான்.

ஆடி மாதம். ஆடிக்காத்தில் அம்மியும் பறக்கும் என்பார்கள்; பெயிண்டு பறக்காதா? பாதி பெயிண்டு கண்ணாடியில் ஒட்டியது, கால்வாசி பால்ச்சாமியின் மீசையில் ஒட்டியது. மிச்சம் கதவில் விழுந்ததும், எங்கிருந்தோ ஒரு சுழல்காற்று கரிசல் புழுதியை அள்ளிக்கொண்டு வந்து அதன்மேல் அப்பிவிட்டுப் போனது. தடவிப் பார்த்தார் இஸ்மாயில். கதவே உப்புத்தாளாகியிருந்தது.

"காத்து அடிக்கும்னு நான் கண்டனா?" என்றான் பால்ச்சாமி, வெள்ளை மீசையோடு.

மும்தாஜ் வாசலில் நின்று பார்த்தார். "இப்பவாச்சும் ராமசுப்புக்கு ஒரு போனைப் போடுங்க" என்றார். ராமசுப்பு இன்சூரன்ஸ் ஏஜென்ட்.

"என் உசுரு இருக்குற வரைக்கும் க்ளெய்ம் கிடையாது" என்றார் இஸ்மாயில்.

மறைக்க முடியாததை மூடிவிடுவது என்று முடிவாயிற்று. இஸ்மாயில் ஸ்டிக்கர் கடைக்குப் போனார். கதவை முழுதாக மூடுகிற அளவில் உடனே கிடைத்தது ஒன்றுதான். யாரோ ஒரு நாட்டுக்கோழிக் கடைக்காரர் ஆர்டர் கொடுத்துவிட்டு வாங்காமல் போன சேவல். சிவந்த கொண்டை, விரித்த இறக்கை, தூக்கிய கால். ஸ்டிக்கர் கடைக்காரர் அதைக் கதவில் ஒட்டித் துணியால் நீவிவிட்டபோது சேவல் ஜொலித்தது.

"மாப்பிள்ளை காருல சேவலா?" என்றார் மும்தாஜ்.

"அன்னிக்குப் பூவைச் சுத்தி மறைச்சிரலாம்" என்றார் இஸ்மாயில். சொல்லும்போதே நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. எவ்வளவு பெரிய சிக்கல்! ஒரு க்ளெய்ம் இல்லாமல் தாண்டி வந்துவிட்டார். அன்று சாயங்காலம் டீக்கடையில் உட்கார்ந்து, "இன்சூரன்ஸுங்கிறது கையில குடை மாதிரி. தூறலுக்கெல்லாம் விரிக்கப்பிடாது" என்று நாலு பேருக்குப் புத்தி சொன்னார். நாலு பேரும் சேவலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்கள்.

மறுநாள் கல்யாணப் பிரியாணிக்கு ஆடு பேசப் பரளச்சிக்குப் போனார். ஆட்டு வியாபாரி தவசி வீட்டு வேப்பமரத்தடியில் காரை நிறுத்திவிட்டு ஆட்டுக்கிடையைப் பார்க்கப் போனார்.

கிடா ஒன்றின் முதுகைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது 'டங்' என்று சத்தம் கேட்டது. அப்புறம் 'டங், டங்.'

"பாய், உங்க வண்டிய எங்க நிப்பாட்டுனீக?" என்று தவசி பதறினார்.

"மரத்தடியில. ஏன்?"

"அதுல என்னமும் சேவல் படம் இருக்கா?"

தவசி சண்டைக்கென்றே ஒரு கட்டுச்சேவல் வளர்த்தார். சுற்றுவட்டாரத்தில் அதற்கு எதிராகக் களத்தில் நின்ற சேவல் எதுவும் வீடு திரும்பியதில்லை. அப்படிப்பட்ட சேவலின் சொந்த மரத்தடியில் இன்னொரு சேவல் இறக்கையை விரித்துக் காலைத் தூக்கிக்கொண்டு நின்றால், அது மட்டும் மானத்தை விடுமா? பறந்து பறந்து அடித்தது. ஸ்டிக்கர் நார்நாராகக் கிழிந்து, கதவு முழுக்க அம்மி கொத்தியது போல ஆகியிருந்தது.

"பிடிங்க தவசி! பிடிங்க!"

"இப்பக் கிட்டப் போனா என்னையவே அடிச்சிரும் பாய். நீங்க வண்டிய எடுங்க!"

இஸ்மாயில் பாய்ந்து ஏறினார். சாவியைத் திருகினார். சேவலைப் பார்த்துக்கொண்டே ரிவர்ஸ் போட்டார். பாலைவனத்தில் முன்னும் பின்னும் கண்ணாடி பார்த்தே இருபத்தாறு வருஷம் ஓட்டிய மனிதர், அந்த ஒரு நொடி கண்ணாடியைப் பார்க்கவில்லை.

ஆடுகள் தண்ணீர் குடிக்கிற கல்தொட்டி அசையாமல் நின்றது. டிக்கி மடங்கியது, பம்பர் தொங்கியது, பின்விளக்கு உதிர்ந்து விழுந்தது.

சேவல் காரின் கூரைமேல் ஏறி நின்று கூவியது.

தவசி ஆட்டுக் கயிற்றால் பம்பரைக் கட்டிக் கொடுத்தார். அருப்புக்கோட்டை வரை இஸ்மாயில் மெதுவாக ஓட்டி வந்தார். எதிரே வந்த பஸ்ஸுக்காரர் கூட ஒதுங்கி வழிவிட்டார். அதுதான் அவரை இன்னும் கொன்றது.

வீட்டுக்கு வந்ததும் மும்தாஜைப் பார்க்க முடியவில்லை. "ராமசுப்புவ வரச் சொல்லு" என்றார், சுவரைப் பார்த்து.

மும்தாஜ் ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. "உங்களுக்கு அடி ஒண்ணும் படலையே? அல்லாஹ் காப்பாத்துனான், அது போதும்" என்று சொல்லிவிட்டுப் போன் எடுத்தார்.

ராமசுப்பு சாயங்காலம் வந்து காரைச் சுற்றி நடந்தார். நாலாபக்கமும் போட்டோ எடுத்தார்.

"பாய், நடந்தது நடந்தபடி சொல்லணும். சேவல் கொத்துனது ஒரு சம்பவம். தொட்டியில இடிச்சது இன்னொரு சம்பவம். தனித்தனியாத்தான் எழுதணும். சர்வேயர் நாளைக்கு வருவாரு, கல்யாணத்துக்குள்ள வண்டி தயாராயிரும்" என்றவர், கதவில் மிச்சமிருந்த பெயிண்டைச் சுரண்டிப் பார்த்தார். "இது என்ன?"

"உப்புத்தாள்" என்றார் இஸ்மாயில் ஈனக்குரலில்.

"அது சம்பவமே இல்ல பாய். நீங்களா பண்ணிக்கிட்டது. அதுக்குக் கம்பெனி குடுக்காது."

"வேணாம். அது என் பாவம், நானே சுமந்துக்குறேன்." இஸ்மாயிலுக்கு வெட்கமாகவும் இருந்தது, துக்கமாகவும் இருந்தது. ஆனாலும் ஒரு வீரன் ஆயுதத்தைக் கீழே வைக்கும்போதும் நிமிர்ந்துதான் வைப்பான். அவர் நிமிர்ந்தார்.

"ராமசுப்பு, ஒண்ணு சொல்றேன், கேட்டுக்க. இருபத்தாறு வருஷம் அந்நிய தேசத்துல ஓட்டுனேன். ஒரு கீறல் கிடையாது. இந்த வண்டிக்கு ஆறு வருஷம். ஒரு க்ளெய்ம் கிடையாது. அம்பது பெர்சன்ட் போனஸை இன்னிக்கு என் கையாலயே தூக்கிக் குடுக்கேன். இதான் இந்த வண்டிக்கு முதல் க்ளெய்ம். எழுதிக்க."

மும்தாஜ் பேகம் சட்டென்று முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். "பேசிக்கிட்டிருங்க, டீ போட்டுட்டு வாரேன்" என்று அடுப்படிக்குள் போனவர், போன வேகத்தில் கதவையும் சாத்திக்கொண்டார்.

ராமசுப்பு போட்டோ எடுப்பதை நிறுத்திவிட்டு இஸ்மாயிலைப் பார்த்தார்.

"முதல் க்ளெய்மா? என்ன பாய் இப்படிச் சொல்லிட்டீக, நீங்க சவூதியில இருந்தப்ப அக்கா கார் ஓட்டிப் பழகுன வகையில உங்க வீட்டுக் கேட்டுக்கு ரெண்டு, லைட்டுக் கம்பத்துக்கு ஒண்ணு, எங்க ஆபீஸ் படிக்கட்டுக்கு ஒண்ணுன்னு ஏற்கெனவே நாலு வாங்கியாச்சே!"