மாப்பிள்ளை போட்ட வெயில் கணக்கு

மாமனார் வீட்டில் புது மாப்பிள்ளைக்கு எல்லா உரிமையும் உண்டு. ‘தெரியாது’ என்று சொல்லும் உரிமை மட்டும் கிடையாது. மோட்டார் ஏன் தண்ணீர் இழுக்கவில்லை என்று கேட்டால்கூட, தெரிந்த மாதிரி தலையை ஆட்டி எதையாவது சொல்லியாக வேண்டும். நானும் அப்படித்தான் ஒன்றைச் சொன்னேன். இன்றுவரை அனுபவிக்கிறேன்.

எனக்கு ராஜபாளையம், நூற்பாலையில் ஸ்டோர் கீப்பர் வேலை. பெண் எடுத்தது ஸ்ரீவில்லிபுத்தூரில். மாமனார் ஓய்வுபெற்ற ஏட்டு. (ஓய்வு வேலையிலிருந்துதான், விசாரணையிலிருந்து அல்ல.) கல்யாணமான முதல் சித்திரையில் அவர்கள் வீட்டு மாடியறையில் படுத்தவன், விடியும்போது பாதியாகியிருந்தேன். பல் தேய்க்கும்போதே கேட்டுவிட்டேன்.

“மாடியறைக்கு ஒரு ஏசி போட்டா என்ன மாமா?”

“ஏசிக்குன்னு ஈபி கரண்ட்ல ஒரு யூனிட்கூட எரிய விடமாட்டேன் மாப்ள.”

“அப்ப சோலார் போட்ருவோம்.”

அவர் வேப்பங்குச்சியை வாயிலிருந்து எடுத்தார். “நம்ம மாடியில எம்புட்டு கரண்ட் வரும்?”

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் எனக்கு ஏசி வேண்டும். டேப்பைப் பிடித்து மொட்டைமாடி முழுக்க அளந்தேன். எண்ணூறு சதுர அடி. நூறு அடிக்கு ஒரு கிலோவாட் என்று செல்போனில் எங்கோ பார்த்திருந்தேன். ஆக எட்டு கிலோவாட். சூரியன் காலை ஆறுக்கு வந்து சாயங்காலம் ஆறுக்குக் கிளம்புகிறது; பன்னிரண்டு மணி நேரம். பெருக்கினேன்.

“தொண்ணூத்தாறு யூனிட் மாமா. தினமும்.”

(ஒரு கிலோவாட்டுக்கு ஒரு நாளைக்கு நாலு யூனிட் கிடைத்தாலே நல்ல வெயில் என்பது பிறகுதான் தெரிந்தது. எங்கள் மில்லில் எந்த ஷிப்டிலும் மெஷின் ஒரே வேகத்தில் ஓடும். சூரியனையும் அப்படி ஒரு மெஷின் என்று நினைத்துவிட்டேன்.)

“உறுதியா சொல்லுதீகளா? பொறவு மாத்திப் பேசப்படாது.”

“உறுதி மாமா.”

மத்தியானத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. மிச்ச கரண்டைப் பக்கத்து வீட்டுக்குத் தருவதாக மாமா வாக்கே கொடுத்துவிட்டார்.

அப்புறம் அத்தை மாடிக்கு வந்தார். “பூராவையும் மூடிட்டா நான் வத்தல எங்கிட்டு காயப்போட?” வத்தலுக்குக் கொஞ்சம் போனது. துணிக்கொடிக்குக் கொஞ்சம், தண்ணீர்த் தொட்டிக்குக் கொஞ்சம். மாமா தினமும் எட்டு போட்டு நடக்க அவருக்கும் ஒரு பங்கு. மிஞ்சிய இடத்தில் இரண்டு கிலோவாட்தான் உட்காரும். மாமா என் சூத்திரத்தைத் தானே போட்டுப் பார்த்து, “இருபத்திநாலு யூனிட். ஏசிக்குக் காணும்ல?” என்றார்.

“தாராளமா காணும் மாமா.”

பேனல் மாட்ட வந்தவர்கள் ஏதோ சொல்ல வாயெடுத்தார்கள். “எங்க மாப்ள கணக்குப் போட்டாச்சுப்பா. நீங்க மாட்டுங்க,” என்று மாமா அடக்கிவிட்டார்.

தலை ஆடி வந்தது. விருந்து முடிந்து என் அப்பா அம்மா, மனைவியின் பெரியப்பா என்று எல்லோரும் மாடியறையில் கூடினார்கள். ரிமோட் என் கையில். ஜில்லென்று காற்று வந்ததும் அப்பா என்னைப் பெருமையாகப் பார்த்தார். பிளஸ் டூ ரிசல்ட்டுக்குக்கூட அவர் அப்படிப் பார்த்ததில்லை.

அப்போது வெளியே மொட்டைமாடியிலிருந்து மாமாவின் குரல் வந்தது. “மாப்ள, மேகம். அமத்துங்க.”

சித்திரையில் கணக்குப் போட்டவனுக்கு ஆடி ஞாபகமே இல்லை. எங்கள் பக்கம் ஆடியில் மேற்கு மலையிலிருந்து மேகம் வரிசைகட்டி வரும். வெயில் மறைந்தால் ஏசி ஈபி கரண்டை இழுக்க ஆரம்பித்துவிடும். அமர்த்தினேன்.

“வெயில் வந்துட்டு. போடுங்க.”

போட்டேன். ஒருமுறை அமர்த்திப் போட்டால் ஏசி மறுபடி குளிர மூன்று நிமிடமாவது ஆகும். அதற்குள் அடுத்த குரல். “மாப்ள, மேகம்.”

மாமா ஏட்டு டியூட்டி போல வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அறைக்குள் ஜன்னலும் கதவும் அடைத்துப் பத்துப் பேர் வியர்த்தோம். பெரியப்பா துண்டால் விசிறிக்கொண்டே, “தொண்ணூத்தாறுல ஒண்ணக்கூடக் காங்கலையே,” என்றார். அப்பா மெதுவாக எழுந்து வேப்பமரத்தடிக்குப் போய்விட்டார். எனக்கு அவமானம் தாங்கவில்லை. என் மனைவி முந்தானையை வாயில் வைத்துக் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள். அதுதான் ரொம்ப வலித்தது.

சாயங்காலம் மாமா இறங்கி வந்ததும் கடைசியாக ஒரு முயற்சி செய்தேன். “ராத்திரிக்கு ஏசி...”

“ராத்திரி ஏது மாப்ள வெயிலு?”

“பகல்ல மிஞ்சுறத ஈபிக்குக் குடுத்துட்டு ராத்திரி வாங்கிக்கிடலாம் மாமா.”

“எம்புட்டு மிஞ்சும்?”

வாழ்க்கையில் முதல்முறையாக அந்த வீட்டில், “தெரியாது மாமா,” என்றேன்.

அன்றிலிருந்து அந்தக் குடும்பத்தில் யார் அளந்து விட்டாலும் “மாப்ள, மேகம்” என்று ஒரு குரல் வரும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். என் மகள் விடுமுறையெல்லாம் தாத்தா வீட்டில் வளர்ந்தவள். போன வாரம் ராஜபாளையத்தில் எங்கள் வீட்டில் மத்தியானத் தூக்கத்தில் இருந்தேன். வானம் இருட்டியது. அவள் ஓடிவந்து ஃபேனை அமர்த்திவிட்டு, “வெயில் வரட்டும்ப்பா, போடுறேன்,” என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாள்.