கூரை மேல் என் பெயர்

மரக்காணம்,
ஐப்பசி மழை கொஞ்சம் விட்ட நேரம்.

தலைமைக் காவலராக இருந்து நம் குடும்பத்துக்கே பெருமை சேர்க்கும் மச்சான் அவர்களுக்கு, உங்கள் தங்கை சகாயசெல்வியின் கணவன் அந்தோணிராஜ் வணக்கத்துடன் எழுதுவது. அந்தோணியார் புண்ணியத்தில் நானும் உங்கள் தங்கையும் நலம். என் உப்புதான் நலமில்லை. போனில் சொல்லலாமென்றால், நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் "எவன்டா அவன்?" என்று ஆரம்பித்துவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம்.

உப்புக் குவியலை மூடியிருந்த தார்ப்பாயைக் காணோம் என்று உங்களிடம் புகார் கொடுத்தேனே, திருடன் கிடைத்துவிட்டான். கண்டுபிடித்தது பஸ் கண்டக்டர். யாரும் தூக்கிக்கொண்டு போய்விடக் கூடாதென்று அதில் நான்தான் ஆள் உயரத்துக்குச் சிவப்பு பெயின்ட்டில் 'அந்தோணிராஜ்' என்று எழுதி வைத்திருந்தேன். அது இப்போது பிரம்மதேசம் ரோட்டோரம் ஒரு வீட்டுக் கூரை மேல் விரிந்து கிடக்கிறது, பஸ்ஸில் போகிற அத்தனை பேர் கண்ணிலும் படுகிற மாதிரி. வீடு மணிவண்ணனுடையது, நம் உப்பளத்தில் உப்பு வாருகிறவன்தான். ஆனால் ஊர் அதையா பேசும்? கண்டக்டர் டிக்கெட் கிழித்துக்கொண்டே, "இன்னாங்க, அந்தப் பக்கம் ஒரு வூடு இருக்குதாமே, சொல்லவே இல்ல" என்று கண்ணடித்தார். டீக்கடையில் காசிலிங்கம், "பேரையே எழுதி வெச்சிட்டான், துணிச்சல்காரன்பா!" என்று என்னைப் பாராட்டினான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிவதற்குள் சேதி உங்கள் தங்கை காதுக்குப் போய்விட்டது.

துடைப்பத்தை எடுத்துக்கொண்டு என் மொபெட்டில் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். அங்கே போனால், மணிவண்ணன் பெண்டாட்டி பூவிழி பச்சைப் பிள்ளையோடு ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கிறாள். காற்றில் கூரைக் கீற்று பிய்த்துக்கொண்டு போய், வீடெல்லாம் தண்ணீர். தார்ப்பாய்க்குக் கீழே பிள்ளை கிடக்கிற இடம் மட்டும் காய்ந்திருக்கிறது. "மொதலாளி, மழை வுட்டதும் கொண்டாந்து போட்டுடலாம்னுதான் இருந்தேன்" என்று மணிவண்ணன் அழுதான். திட்டுவதற்கு வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போனவன் மச்சான் நான். என் பெயருக்குக் கீழே பிள்ளை அது பாட்டுக்குத் தூங்குகிறதைப் பார்த்ததும், ஒழுகுகிற இடத்தில் ஒரு பானையை நகர்த்தி வைத்தேன். உங்கள் தங்கை அந்தத் துடைப்பத்தாலேயே தண்ணீரைத் தள்ள ஆரம்பித்துவிட்டாள். தள்ளிக்கொண்டே தீர்ப்பும் சொன்னாள்: "இவன உள்ள தள்ளினா கரைஞ்ச உப்பு திரும்பி வந்துடுமா? கைப்புள்ளைய வெச்சிக்கினு இவ எங்க போவா? டேய், நீ பனை ஓலை வெட்டியாந்து மிச்ச உப்ப மூடு. ஏங்க, நீங்க கூரைக்குக் கீத்து போடுங்க. அப்புறம் அவங்கவங்க பொருளு அவங்கவங்களுக்கு."

திருடினவனுக்கு ஒரு வேலை, பறிகொடுத்தவனுக்கும் ஒரு வேலை! இது எந்தச் செக்ஷனில் வருகிறது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். நான் கூரை ஏறினேன். ஏறினவன் சறுக்கி விழுந்தேன். சரியாக அப்போதுதான் பஸ் வர வேண்டுமா? கண்டக்டர் விசில் அடித்து நிறுத்தினார், ஜன்னலுக்கு ஜன்னல் தலை. மணிவண்ணன்தான் என்னைத் தூக்கிக்கொண்டு வந்து வீட்டில் சேர்த்தான். சேர்த்துவிட்டு, கொட்டுகிற மழையில் போய் என் உப்புக்கு ஓலை போட்டான். பாதிக் குவியல் தப்பித்தது.

ஆகவே மச்சான், ஜீப்பும் வேண்டாம், லத்தியும் வேண்டாம், புகாரை விட்டுவிடுங்கள். ஒரு தடவை ஸ்டேஷனில் பேர் ஏறிவிட்டால் அப்புறம் இங்கே எந்த உப்பளத்திலும் அவனைச் சேர்க்க மாட்டார்கள். அந்தப் பிள்ளைக்கு யார் சோறு போடுவது? நீங்களும் உங்கள் லத்தியும் நல்ல ஓய்வோடு நீடூழி வாழ மாதாவை வேண்டும்,

அன்பு மச்சினன்
அந்தோணிராஜ்

பி.கு.: மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிட்டு உடனே ஜீப்போடு வரவும். ஏற்ற வேண்டியது மணிவண்ணனை அல்ல, என்னை. நன்றிக்காகப் பிள்ளைக்கு 'அந்தோணிராஜ்' என்றே பெயர் வைத்து, பஸ்ஸில் ஏறி எல்லோருக்கும் சாக்லேட் கொடுத்திருக்கிறார்கள். யோசனை சொன்னது உங்கள் தங்கை: "கூரையிலயே எழுதியிருக்குது, அதையே வெச்சிடுங்க." ஊர் வாய் ஓய்கிறவரை லாக்கப்பில் எனக்கு ஓர் இடம் ஒதுக்கி வையுங்கள்.