உங்கள் தம்பிக்கு ஏற்ற ஜப்பானியப் பாட்டு

டுசல்டோர்ப், ஜெர்மனி
19.10.1996

பேரன்புள்ள மச்சாள் புஸ்பவதி அவர்களுக்கு,

நாங்கள் இருவரும் நலம். உங்கள் முழங்காலும் ரொறன்ரோக் குளிரும் இந்த வருடமாவது ஒன்றோடொன்று சமாதானமாக இருக்கும் என்று நம்புகிறேன். அத்தானின் பிரஷர் இறங்கியதை அறிந்து மகிழ்ந்தோம்.

சென்ற ஞாயிறு தொலைபேசியில், "என்ர தம்பி யப்பான் பாட்டுப் பாடி வேலையைக் காப்பாத்திப்போட்டான், கனடா முழுக்கச் சொல்லிப்போட்டன்" என்றீர்கள். கனடா முழுவதும் போன அந்தச் செய்தியில் சில திருத்தங்கள் உள்ளன. அதற்காகவே இக்கடிதம்.

இவர் ஜப்பான்காரரின் களஞ்சியம் ஒன்றில் பெட்டி அடுக்குவதும், ஒப்பந்தம் மார்கழியோடு முடிவதும், வேலை நீளாவிட்டால் விசாவும் நீளாது என்பதும் உங்களுக்குத் தெரியும். இந்த நிலையில் அங்குள்ள பொறுப்பாளரான பெரியவர் மொறித்தா ஓய்வு பெற்று நாடு திரும்புகிறார் என்றும், குடும்பத்தோடு பிரியாவிடைக்கு வரவேண்டும் என்றும், அங்கே கரோக்கே உண்டு என்றும் தாள் வந்தது. கரோக்கே என்றால் மெசின் வாத்தியத்தை மட்டும் வாசிக்கும், பாடுவது நம்முடைய பொறுப்பு. அதே களஞ்சியத்தில் வேலை செய்யும் மன்னார் ஜேசுரட்ணம் அண்ணை அன்று மாலையே மூச்சிரைக்க வந்தார்.

"தங்கச்சி, பாடாத ஆளுக்குக் கொன்ராக்ற் இல்லையாம். போன வருசம் ஊவ எண்ட ஜெர்மன்காரன் பாடேல்ல. ஆள் இப்ப வீட்டில."

"அவர் திங்கக்கிழமையில வேலைக்கே வாறேல்லை எண்டு நீங்கள்தானே அண்ணை சொன்னனீங்கள்?"

"அதுவும் ஒரு காரணமா இருக்கலாம். ஆனா பாடவும் இல்லை."

நான் பேராதனையில் தாவரவியல் படித்தவள், இங்கே பூக்கடையில் ரோசாத் தண்டில் முள்ளுக் கிள்ளுகிறவள். இரண்டுக்கும் பொறுமை வேண்டும் என்பதால் பாட்டுத் தெரிவும் என் தலையில் விழுந்தது. கீழ்வீட்டுத் திருமதி சாத்தோவிடம் மூன்று கசற் இரவல் வாங்கினேன். வயதானவர்கள் பாடும் பாட்டுகளாம். எல்லாவற்றிலும் மழை பெய்கிறது, ஒரு பெண் கப்பலில் போய்விடுகிறாள், ஆண் கரையில் நின்று குடிக்கிறான். ஏன் போனாள் என்று எனக்கு விளங்கியது. கொப்பியில் கோடு போட்டு ஒவ்வொரு பாட்டுக்கும் எத்தனை மூச்சு வேண்டும், எவ்வளவு மேலே போகிறது, எத்தனை சொல் என்று குறித்தேன். உங்கள் தம்பிக்கு வயது ஐம்பத்தாறு, மேற்பல் செற் புதிது, வாயை அகலத் திறக்கும் பாட்டு ஆபத்து. இருபத்தெட்டுப் பாட்டில் ஒன்றுதான் தேறியது. நடைவேகம், ஐந்தே சுரம், அநேகமாக வாயைத் திறக்கவே தேவையில்லை. "இதுவா?" என்று திருமதி சாத்தோ சிரித்தார். "பாடவே வராத கிழவர் எல்லோருக்கும் இதுதான் பாட்டு." அவர் வாயாலேயே எனக்கு எச்சரிக்கை கிடைத்தது. நான் அதைச் சான்றிதழ் என்று எடுத்துக்கொண்டேன்.

ஜேசுரட்ணம் அண்ணை, "எனக்கும் ஒண்டு பாத்துத் தாங்கோ தங்கச்சி, குளிசை மாதிரி சின்னனா" என்றார். அவருக்குப் பாலர் வகுப்புப் புறாப் பாட்டு, ஒரு நிமிடத்துக்கும் குறைவு.

ஒத்திகை சமையலறையில் நடந்தது. சொற்களைத் தமிழில் எழுதிக் கொடுத்தேன். உங்கள் தம்பி வெள்ளிக்கிழமைப் பஜனையில் முன்னின்று பாடுகிறவர் அல்லவா, ஒரு வரி பாடுவார், நிறுத்துவார், என் முகத்தைப் பார்ப்பார்.

"என்னப்பா பாக்கிறியள்?"

"நீர் திருப்பிப் பாடும்."

"அங்க ஒருத்தரும் திருப்பிப் பாட மாட்டினம். மெசின் நிக்காது."

"அப்ப அது மரியாதை தெரியாத மெசின்."

மெசினுக்குப் பின்னால் ஓட அவரை மூன்று கிழமை பழக்கினேன். சோறு இரண்டு தரம் அடிப்பிடித்தது.

பிரியாவிடை அன்று அறுபது பேர். ஜேசுரட்ணம் அண்ணையின் புறாவுக்குக் கை தட்டினார்கள். பிறகு இவர் எழுந்தார். சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் மைக்கைத் தொட்டார். பாட்டின் பெயர் திரையில் விழுந்ததும் மண்டபமே மொறித்தாவைத் திரும்பிப் பார்த்தது. பக்கத்து மேசைக் காரியதரிசிப் பெண் என் காதில், "இது மொறித்தா அவர்களின் பாட்டு. அவருக்குத் தெரிந்தது இது ஒன்றுதான். ஒவ்வொரு வருடமும் அவர்தான் பாடுவார், வேறு யாரும் தொடமாட்டோம்" என்றாள். பாட வராத கிழவர் எல்லோருக்கும் ஏற்ற பாட்டு என்றால், பாட வராத அந்தக் கிழவருக்கும் அதுவே ஏற்றது என்பது படித்தவளான எனக்குத் தோன்றவில்லை, மச்சாள். விசா போச்சு, வீடு போச்சு, இனி எந்த நாட்டுக்கு எழுதுவது என்று நான் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்க, இவர் கண்ணை மூடி முதல் வரியைப் பாடினார். பாடி, நிறுத்தினார். மூன்று கிழமைப் பயிற்சி எங்கே போனதோ தெரியாது. கையை உயர்த்திக்கொண்டு காத்திருந்தார். மெசின் தன்பாட்டில் போனது.

கதிரையில் இருந்தபடியே மொறித்தா அந்த வரியைத் திருப்பிப் பாடினார்.

இவர் தலையாட்டி அடுத்த வரியை எடுத்துக் கொடுத்தார். மொறித்தா எழுந்து நின்றார். மூன்றாவது வரியை மண்டபமே வாங்கிப் பாடியது, யாரோ மெசினை நிறுத்தினார்கள். நாலு நிமிடப் பாட்டு இருபது நிமிடம் போனது. கடைசி வரியை மூன்று தரம் பாடி, பழக்கதோசத்தில் இவர் "அரோகரா" என்றார். அறுபது பேரும் அரோகரா என்றார்கள். உரத்துச் சொன்னவர் கத்தோலிக்கரான ஜேசுரட்ணம் அண்ணை. மொறித்தா இவருடைய இரண்டு கையையும் பிடித்து, கண்ணீரோடு, "இனி நீங்கள் எப்போதும் எங்கள் ஆள்" என்று ஜெர்மனில் சொன்னார்.

ஆகவே திருத்தம் இதுதான். வேலையைக் காப்பாற்றியது உங்கள் தம்பியின் குரல் அல்ல, பாட்டுத் தெரிவு. அதைச் செய்தவள் நான். இதைக் கனடா முழுவதும் சொல்லத் தேவையில்லை, ஸ்காபரோத் தமிழர் வரை போதும். மார்கழியில் வரும் கம்பனி நத்தார் விருந்துக்கும் ஒரு பாட்டுப் பார்த்துத் தரும்படி இவர் கேட்கிறார். இந்த வீட்டில் இனி ஜப்பான் மழை பெய்யாது என்று சொல்லிவிட்டேன்.

அத்தானுக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு எங்கள் ஆசி. முழங்காலுக்கு எண்ணெய் பூசுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மச்சாள்
வைதேகி

பி.கு.: மூன்று நாள் முன், இக்கடிதத்துக்கு உறை தேடியபோது கசற்றுகளுக்கும் பாட்டுக் கொப்பிக்கும் அடியில் கம்பனியின் கடிதம் ஒன்று, உடைக்கப்படாமல், கிடைத்தது. திகதி செப்ரெம்பர் 27. இவருக்கு நிரந்தர வேலை கொடுத்திருக்கிறார்கள், கீழே மொறித்தாவின் கையெழுத்து. பிரியாவிடைக்கு முழுதாக இரண்டு கிழமை முன். இந்த வீட்டில் ஜெர்மன் கடிதங்களை உடைத்து வாசிப்பது யார் பொறுப்பு என்பது உங்களுக்குத் தெரியும். இவருக்கு இன்னும் சொல்லவில்லை, நீங்களும் சொல்லிப்போடாதேங்கோ. கனடாவில் உள்ளவர்களுக்கு நீங்கள் சொன்னது சொன்னபடியே இருக்கட்டும். நத்தார்ப் பாட்டு நேற்றுத் தெரிவாகிவிட்டது, நாலே சுரம். சமையலறையில் முதல் வரியைப் பாடி நிறுத்திவிட்டுக் காத்துக்கொண்டு நிற்கிறார். நான் போய்த் திருப்பிப் பாடவேணும்.