எங்கூடு செல்லாதுங்க

தன் வீட்டுக் கைப்பிடிச் சுவரில் உட்காரும் காக்கையிடம்கூட அடையாள அட்டை கேட்கக்கூடிய ஒரு மனிதர் போத்தனூரில் இருக்கிறார். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அவர் வீட்டு மாடியில் இரண்டு வருடம் குடியிருந்தவன் நான். வாடகை ஒப்பந்தத்தில் அந்தப் பெயரைப் படித்துவிட்டுத்தான் கையெழுத்தும் போட்டேன். ஆனாலும் அது என் வாயில் வராது. தெருவுக்கே அவர் ‘செல்லாது’. ஆட்டோ ஸ்டாண்டில் தெருப்பெயர், கதவு எண் எல்லாம் சொன்னால் முழிப்பார்கள். கடைசியில் ஒருவர், “அட, செல்லாது ஊடுங்களா? ஏறுங்க” என்பார்.

இன்றைக்கும் அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது கோபம்தான். இதை முன்பே சொல்லிவிடுகிறேன்.

மனிதர் ஏதோ ஒரு அரசு அலுவலகத்தில் முப்பது வருடம் மனுக்களைத் திருப்பி அனுப்பும் மேசையில் இருந்தவராம். ஓய்வு கொடுத்து அனுப்பினார்கள். அவர் மேசையை விட்டு எழுந்தாரே தவிர, வேலையை விடவில்லை. தண்ணீர் கேன் போடுகிறவர் முதல் நாள் வந்தபோது அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்த்திருக்கிறார். படத்தில் மீசை இருந்தது, ஆளிடம் இல்லை. “மீசை எங்கீங்க?” என்றாராம். “எடுத்துட்டனுங்க.” “அப்ப இது செல்லாதுங்க.” அந்த மீசை திரும்ப முளைக்கும்வரை அந்த வீட்டில் குழாய்த் தண்ணீர்தான்.

சொந்தத் தங்கை மகன் கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்தபோது உறையைத் திருப்பிப் பார்த்திருக்கிறார். பழைய கதவு எண் போட்டிருந்தது. “இது வேற யாருக்கோ எழுதுனதுங்க மாப்பிள்ளை” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். கல்யாணத்துக்கு அவர் மனைவி மட்டும் போய், பந்தியில் நிம்மதியாகச் சாப்பிட்டு வந்தார். “இருவது வருசத்துல அன்னைக்குத்தான் இலையில உப்பு எங்கீங்க, ஊறுகாய் எங்கீங்கன்னு யாரும் சரிபாக்காம சாப்பிட்டேன்” என்பார் அந்த அம்மா.

எங்கள் கொங்குப் பக்கத்தில் கோபம் வந்தாலும் ‘ங்க’ போகாது என்று ஒரு பெருமை உண்டு. இவருக்கு அது தலைகீழ். கோபம் ஏற ஏற ‘ங்க’வும் ஏறும். சாதாரணமாக ஒரு ‘ங்க’, எரிச்சலில் இரண்டு. “எந்திரிச்சுப் போங்கங்க சாமீங்க” என்று மூன்று வந்துவிட்டால் நாமே செருப்பைத் தேட ஆரம்பித்துவிட வேண்டும்.

இனி என் கதை. பெருந்துறைக்கு அந்தப் பக்கம் எங்கள் ஊர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் போய்ப் படித்து வெளியே வந்தவன் நான் ஒருத்தன்தான். எங்கள் வீதியில் யாருக்கு என்ன மனு என்றாலும், முதியோர் பென்ஷனோ ரேஷன் கார்டோ, நான்தான் எழுத வேண்டும். ஊர் முழுக்கக் காகிதம் எழுதிக் கொடுத்த அந்தக் கை, போத்தனூரில் ஒரு பம்பு கம்பெனி ஸ்டோர்ஸில் வேலைக்குச் சேர்ந்தது. நிரந்தர ஆர்டர் வேண்டுமானால் மாதக் கடைசிக்குள் உள்ளூர் முகவரிச் சான்று தர வேண்டும், இல்லாவிட்டால் அந்த நாற்காலிக்கு வேறு ஆள் என்று சொல்லிவிட்டார்கள். சான்று வேண்டுமானால் வாடகை ஒப்பந்தம் வேண்டும். ஒப்பந்தம் வேண்டுமானால் வீடு வேண்டும்.

ஆறு வீடு பார்த்தேன். ஆறிலும் ஒரே கூத்து. ஆதாரை வாங்குவார்கள், விரல் வரிவரியாக இறங்கும். இரண்டாவது வரியில் ‘காலனி’ என்று இருக்கிறதே, அங்கே வந்ததும் நின்றுவிடும். எங்கள் பக்கத்தில் ஊர்ப்பெயருக்கு முன்னால் அந்தச் சொல் வந்துவிட்டால் நான் என்ன சாதி என்று யாரும் வாய் திறந்து கேட்க வேண்டியதில்லை. பிறகு மருமகன் திடீரென்று வெளியூரிலிருந்து குடிவரப் போவார். ஒரு வீட்டில், “வெள்ளையடிக்கோணும்ங்க தம்பி, ரெண்டு மாசம் ஆகும்” என்றார்கள். அங்கே சுவரில் சாய்ந்து நின்றதில், முந்தின நாள் அடித்த வெள்ளை என் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. திட்டியிருந்தால்கூட பதிலுக்குத் திட்டியிருப்பேன். காபி கொடுத்து, ‘ங்க’ போட்டு, வாசல்வரை வந்து வழியனுப்பினார்கள். அதற்கு என்ன செய்வது?

ஏழாவது வீடு செல்லாது வீடு.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆதாரை வாங்கினார். விரல் முதல் வரியிலேயே நின்றுவிட்டது.

“இது என்னங்க?”

“எதுங்க?”

“ஊட்டுப் பேருன்னு போட்டுருக்குதே, இது.”

எட்டிப் பார்த்தேன். ‘எங்கூடு’ என்று இருந்தது. பத்து வருடமாகப் பையில் வைத்திருக்கிறேன், நான் அதைக் கவனித்ததே இல்லை. பார்த்தவர்கள் எல்லாரும் இரண்டாவது வரிக்கு ஓடியதில் முதல் வரியை யாரும் படித்ததில்லை.

“எங்கூடுங்க” என்றேன்.

“உங்கூடுதானுங்க. பேரு என்னங்க?”

“பேரே எங்கூடுதானுங்க.”

“எங்கூடு எப்படீங்க உங்கூடாகும்?”

உள்ளேயிருந்து அந்த அம்மா, “ஏனுங்க, யாரூட்டப் பத்திப் பேசறீங்க?” என்று கேட்க, இவர், “அவருதுங்குறாரு, எங்கூடுங்குறாரு” என்று கத்த, “எது, நம்மூடா?” என்று அவர் பதறிக்கொண்டு கரண்டியோடு வர, அரைமணி நேரம் போனது.

நடந்தது இதுதான். எங்கள் ஊரில் ஆதார் முகாம் போட்டபோது வந்த ஆபரேட்டர் தென்மாவட்டத்துக்காரர். “வீடு எதுங்கய்யா?” என்று என் அப்பாவிடம் கேட்டிருக்கிறார். அப்பா கையை நீட்டி, “அதா, அதுதானுங்க எங்கூடு” என்றிருக்கிறார். ‘எங்கள் வீடு’ என்று அப்பா சொன்னதை அவர் வீட்டுப் பெயராகவே அடித்துவிட்டார். பங்களாவுக்கெல்லாம் பெயர் இருக்கிற ஊரில், ஓட்டு வீட்டுக்குப் பெயர் வைத்தவர் என் அப்பா ஒருவர்தான்.

செல்லாது சிரிக்கவில்லை. “இது செல்லாதுங்க. கதவு எண்ணோட இருப்பிடச் சான்றிதழ் கொண்டாங்க” என்றார்.

வேலைக்கு லீவு போட்டு ஊருக்குப் போய், இ-சேவை மையத்தில் காத்திருந்து, கிராம நிர்வாக அலுவலரைப் பார்த்து, ஒருவழியாக வாங்கி வந்தேன். கண்ணாடியை மாட்டினார்.

“அப்பன் பேரு ஆதார்ல முத்துச்சாமிங்க. இதுல முத்துசாமி. நடுவுல இருந்த ‘ச்’ எங்கீங்க?”

“ஒரு புள்ளி வெச்ச எழுத்துங்க!”

“எழுத்துன்னு ஒத்துக்கறீங்கல்லங்க? அது எங்கீங்க?”

அந்த அம்மாவுக்கே பொறுக்கவில்லை. “அந்தத் தம்பி மூஞ்சியப் பாருங்க, எப்படிச் செவந்து கெடக்குது. பேனாவக் குடுங்க, அந்த ‘ச்’ச நானே போட்டுர்றேன்” என்றார்.

“போர்ஜரிங்க! அம்மணி, உள்ள போங்கங்க!” தெருக்கோடிவரை கேட்டிருக்கும்.

ஆதாரில் பெயரை மாற்றுவதா, சான்றிதழில் மாற்றுவதா என்று நடையாய் நடந்தேன். இடையில், போட்டோவில் என் காது ஒன்று சரியாகத் தெரியவில்லை என்று புதுப் படம் எடுக்கச் சொன்னார். கம்பெனியில் ஒரு கடிதம் கேட்டார். கொண்டுபோனால் சீல் சாய்ந்திருக்கிறது என்றார். மாதக் கடைசிக்கு நான்கு நாள் இருந்தது. பஸ்ஸில் நின்றுகொண்டே வரும்போது எனக்கு ஒன்று உறைத்தது. ஆறு வீட்டுக்காரர்கள் ஐந்து நிமிடத்தில் செய்ததைத்தான் இவர் பதினைந்து நாளாகச் செய்கிறார். அவர்களுக்கு வெள்ளையடிப்பு, இவருக்கு ‘ச்’. படித்த ஆள் அல்லவா, காகிதத்தாலேயே கழுத்தைப் பிடித்துத் தள்ளுகிறார்.

நேராக அவர் வீட்டுக்குப் போனேன். செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றவில்லை. என் ஃபைலில் இருந்த சாதிச் சான்றிதழை உருவி அவர் முன்னால் மேசைமேல் அடித்தேன்.

“இதத்தானுங்க பதினஞ்சு நாளாத் தேடறீங்க? இந்தாங்க, பாத்துக்கங்க! ‘ச்’சு எங்க, சீலு எங்கன்னு சுத்தி வளைக்காதீங்க! ஊடு தரமாட்டேன்னு ஒரே வார்த்தைல சொல்லிப்போடுங்க, நான் போயிடறேன்!”

சமையலறையில் சத்தம் நின்றது. மூன்று ‘ங்க’ வரும், செருப்பைத் தேட வேண்டியதுதான் என்று நின்றேன்.

அவர் கண்ணாடியை மாட்டினார். சான்றிதழை எடுத்தார். அந்த மனிதரால் எந்தக் காகிதத்தையும் படிக்காமல் இருக்க முடியாது. மேலிருந்து கீழ்வரை படித்தார், சாதி எழுதிய வரியையும் சேர்த்து. திடீரென்று முகம் மலர்ந்தது.

“அட, இதுல ‘ச்’ இருக்குதுங்களே!”

எனக்கு அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. அவர் அதை மடிப்பு கலையாமல் கவிழ்த்து என் பக்கம் தள்ளினார். கண்ணாடியைக் கழற்றி, முதன்முறையாகக் காகிதத்தை விட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்தது, ஆனால் அது என்மேல் இல்லை.

“எவன் கேட்டான் இத உங்கிட்ட?”

ஆறு வீட்டையும் என் முகத்திலேயே படித்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

“உள்ள வை. ஊடு வாடகைக்கு இது செல்லாது கண்ணு.”

அந்த வாக்கியத்தில் ஒரு ‘ங்க’கூட இல்லை.

அப்புறம்தான் என் மண்டையில் ஏறியது. முதல் நாள் எல்லார் விரலும் நின்ற இரண்டாவது வரியில் இவர் விரல் நிற்கவே இல்லை. அடுத்தடுத்து வந்தபோதும் அங்கே நின்றதில்லை. ஊரில் எங்கே குடியிருக்கிறாய் என்று கேட்டாரே தவிர, நீ யார் என்று அவர் ஒருநாளும் கேட்கவில்லை. மேசைமேல் அடித்துப் பேசியதற்கு மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன்.

அதற்குள் கண்ணாடி திரும்ப மூக்குக்கு வந்துவிட்டது. “செரிங்க. அந்த ‘ச்’ச மட்டும் திருத்தி வாங்கிட்டு வந்துருங்க” என்றார்.

அப்போதும் விடவில்லை! மறுபடி லீவு, மறுபடி பெருந்துறை பஸ். என்னை அங்கே பார்த்துப் பார்த்து இ-சேவை மையத்தில் வேலை செய்கிறவன் என்றே நினைத்து இரண்டு பேர் மனு கொடுத்தார்கள். அதையும் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். மாதத்தின் கடைசி நாள் காலையில், காற்புள்ளி முதல் சத்தமாகப் படித்துக்காட்டி, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். மதியம் கம்பெனியில் கொடுத்தேன். நாற்காலி தப்பித்தது.

இரண்டு வருடம் கழித்து எனக்குப் பெரியநாயக்கன்பாளையம் கிளைக்கு மாற்றல் வந்தது. சாவியைக் கொடுக்கப் போனேன். வாங்கவில்லை.

“புது ஊட்டு அக்ரிமெண்ட் எங்கீங்க?”

“அது எதுக்குங்கய்யா? நான்தான் காலி பண்றனே?”

“நீங்க நல்ல எடத்துக்குத்தான் போறீங்கன்னு நான் எதை வெச்சுங்க நம்பறது?”

ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன். வரிவரியாகப் படித்தார். ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பவும் முதலிலிருந்து படித்தார்.

இப்போதும் போத்தனூர் வழியாகப் போகும்போது, பஸ் ஜன்னலிலிருந்து அந்த மாடி தெரிந்தால், பக்கத்தில் இருப்பவரிடம், “அதா, அதுதானுங்க எங்கூடு” என்று கையை நீட்டுகிறேன். ஆதாரம் கேட்டால் என்னிடம் ஒன்றும் கிடையாது.