சகல சுப காரியங்களுக்கும் ஏற்ற வாசனை மெழுகு

மந்தைவெளி,
பவ வருஷம், தை மாசம்.

மகா-ராஜ-ராஜ-ஸ்ரீ பத்திராதிபர் அவர்களுக்கு மந்தைவெளி சொர்ணம் எழுதிக்கொண்டது. இவ்விடத்தில் மகன் தங்கவேல், மருமகள் தேவானை, பேரப்பிள்ளைகள், பசுமாடு எல்லோரும் சௌக்கியம். நான் சௌக்கியமில்லை. அதற்குக் காரணம் தாங்கள். ஆகையால் தங்கள் சௌக்கியத்தை நான் விசாரிக்கவில்லை.

நான் இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஆனாலும் எழுத்துக் கூட்டிப் படிப்பேன், படித்ததை மறக்க மாட்டேன். ஸ்ரீமுக வருஷத் தீபாவளி இதழில் மைசூர்பாகு என்று ஒன்று போட்டீர்களே, அதை உடைக்கப் போய் என் அம்மிக் குழவி மூளியானது. அப்போது நான் கடிதம் எழுதவில்லை என்பதால் மறந்துவிட்டேன் என்று நினைத்திருப்பீர்கள்.

இந்த மார்கழி இதழில் 'மங்கையர் கைவேலை' என்ற பக்கத்தில் வாசனை மெழுகு செய்யும் விதம் வந்தது. தேன்மெழுகை உருக்கித் தேங்காயெண்ணெய் விட்டு, சந்தனத் தைலமும் கற்பூரமும் சேர்த்து டப்பியில் ஊற்றி ஆறவைக்க வேண்டியது, மணிக்கட்டில் தடவினால் நாளெல்லாம் மணக்கும், சகல சுப காரியங்களுக்கும் ஏற்றது என்று அச்சடித்திருந்தீர்கள். சகல என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். தங்களுக்குத் தெரியுமா?

அடுத்த வீட்டு ஜமீலுன்னிசாவும் நானும் ஒரே வருஷத்தில் இந்தத் தெருவுக்கு வாழ வந்தவர்கள். ஒரே கிணற்றில் தண்ணீர் சேந்துகிறவர்கள். தை பிறந்ததும் அவள் கடைசி மகள் ஜைதூனுக்குக் கல்யாணம். அந்தப் பெண் என்னைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடும். கல்யாணத்துக்கு வருகிறவர்கள் கையில் அத்தர் தடவுவது அவர்கள் வழக்கம். "இந்தத் தடவை பெரியம்மா கையால் செய்த மெழுகுதான் தடவணும்" என்று நானே போய் வாயைக் கொடுத்தேன். எல்லாம் தங்கள் எழுத்தை நம்பி.

நாட்டு மருந்துக் கடையில் மெழுகு வாங்கி அடுப்பில் வைத்து, நீங்கள் சொன்னபடியே கொதிக்கும்போது சந்தனத் தைலத்தை விட்டால், வாசனை அத்தனையும் புகையோடு கூரை வழியாகப் போய்விட்டது, தேவானை வாசலில் நின்றுகொண்டு, "அத்தே, வாசன தெருக்கோடி வரைக்கும் வருது, டப்பிலதான் ஒண்ணும் இல்ல" என்கிறாள், அவள் வாயை அப்புறம் கவனித்துக்கொள்ளலாம் என்று மறுபடி தைலம் வாங்கி, இறக்கி வைத்து ஆறின பிறகு விட்டேன், அந்த யோசனை என்னுடையது, தங்களுடையது அல்ல. அது கல்லாக இறுகிவிட்டது. மெழுகு 'வேண்டிய அளவு' என்று போட்டிருக்கிறீர்களே, யாருக்கு வேண்டிய அளவு? தங்கவேல் அதைச் சுரண்டிப் பார்த்து, "யம்மா, அந்தத் தேங்காத் துருவிய எடு, கைல தடவிக்கிறேன்" என்றான். பெற்ற பிள்ளை. மூன்றாம் தரம் எண்ணெயைக் கூட்டி விட்டேன், வெண்ணெய் போல வந்தது. கற்பூரம் ஏற்றாத சுபகாரியம் எங்கள் வீட்டில் ஏது? அதனால் ஜைதூன் மேல் உள்ள பிரியத்தில் கற்பூரத்தை மட்டும் கை நிறையப் போட்டேன். டப்பிகளுக்குச் சிவப்புக் காகிதம் ஒட்டிக் கல்யாணத்தன்று காலையில் கொடுத்தேன்.

பெண்கள் பக்கம் தடவ ஆரம்பித்தார்கள். மாப்பிள்ளையின் பாட்டி அமீனா பீ கையை மூக்கருகே கொண்டுபோனாள். அப்படியே எழுந்து நின்றுவிட்டாள்.

"யா அல்லா! இது இன்னா, கல்யாண வூடா, மவுத்து வூடா? மய்யித்து வாசன வருதே!"

பத்திராதிபர் அவர்களே, அவர்களில் ஒருவர் இறந்துபோனால் கற்பூரம் கலந்த தண்ணீரில்தான் கடைசியாகக் குளிப்பாட்டுவார்களாம். எனக்கு எப்படித் தெரியும்? ஜமீலாவின் மாமனார் போனபோது நான் வாசலில் நின்று அழுதேன். உள்ளே எதைப் போட்டுக் குளிப்பாட்டுகிறார்கள் என்று எட்டிப் பார்க்கிற புத்தி எனக்கில்லை. ஆனால் ஊருக்கெல்லாம் எழுதுகிற தங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? வந்திருந்த பெண்கள் எல்லோரும் கிணற்றடிக்கு ஓடிக் கை கழுவினார்கள். எண்ணெய் மெழுகு தண்ணீரில் போகுமா? சாப்பாட்டுப் பந்தி முழுக்க அதே வாசனை. ஜமீலா என்னை ஒரு பார்வை பார்த்தாள். அவ்வளவுதான்.

அன்று முதல் அவள் என்னோடு பேசவில்லை. கிணற்றடியில் "ஜமீலா" என்று கூப்பிட்டேன். கழுத்தைச் சுற்றி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். என் வீட்டுக்காரர் செத்தபோது என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அவள். இனி நான் யாரிடம் போய்த் தேவானையைப் பற்றிச் சொல்லுவேன்?

ஆகையால் தாங்கள் அடுத்த இதழில் முதல் பக்கத்தில், பெரிய எழுத்தில், அந்தக் குறிப்பு தப்பு, அது எங்கள் குறிப்பு, சொர்ணம் பேரில் குற்றமில்லை என்று போட வேண்டியது. போடாவிட்டால் நானே மயிலாப்பூருக்கு வந்து தங்கள் ஆபீஸ் வாசலில் உட்காருவேன். குழவியையும் எடுத்து வருவேன்.

வயதில் மூத்தவள் என்பதால் ஆசீர்வாதம் செய்ய வேண்டியிருக்கிறது. தாங்களும் தங்கள் சம்சாரமும் குழந்தைகளும் தீர்க்காயுசாக இருக்கவும். மங்கையர் கைவேலை எழுதுகிற அம்மாள் இதில் சேர்த்தி இல்லை.

இப்படிக்கு,
சொர்ணம்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் பசை காய்ச்சிக்கொண்டிருக்கும்போது ஜமீலா கொல்லைப்பக்கமாக வந்தாள். குரல் தவளைக் குரல். "இன்னாக்கா, மூஞ்ச தூக்கி வெச்சிக்கினு கீறே? கல்யாணத்துல கத்திக் கத்தித் தொண்ட கட்டிக்கினு போச்சு, நான் எங்கேந்து பேசறது?" என்றாள். கை கழுவியும் போகாத மெழுகை அந்த அமீனா பீ ஆத்திரத்தில் முழங்காலில் துடைத்தாளாம், மறுநாள் வலி இல்லாமல் மாடி ஏறினாளாம், இப்போது சம்பந்தி வீடு முழுக்க டப்பி கேட்கிறார்களாம். "இது எங்க சொர்ணக்கா மாமியார் வூட்டு ரகசியம், வேற யாருக்கும் வராதுன்னு சொல்லிட்டேன்" என்றாள். நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆகையால் மேலே கண்ட எதையும் அச்சில் போட வேண்டாம். அந்தக் குறிப்பையும் இனி எந்த இதழிலும் போடக் கூடாது. யாராவது வந்து விசாரித்தால், மந்தைவெளி சொர்ணத்தின் மாமியார் கைப்பக்குவம் என்று சொல்லிவிடவும். இருந்த நாளெல்லாம் எனக்கு ஒரு ரசம் வைக்கக் கற்றுக்கொடுக்காத மகராசிக்கு இந்தப் பேர் போய்ச் சேருகிறது. அதற்காகவும் தங்களை நான் மன்னிக்கப் போவதில்லை.