சட்டைக் கையில் ஒரு சொட்டு

மாலை மணி நான்கு ஐந்து. ஆய்வுக்கூடத்தில் முதலில் கண்ணில் பட்டது நீல விளக்கு; அதன் நடுவே சுண்டுவிரல் நீளத்தில் ஒரு கண்ணாடிக் குப்பி. பாஸ்பரஸிலிருந்து சேர்மங்கள் செய்ய வழக்கமாகக் குளோரின் வேண்டும். அதை விட்டுவிட்டு, வினையூக்கியையும் வெளிச்சத்தையும் வைத்தே செய்யப் பார்க்கிறோம் என்று பேராசிரியை சுமதி விளக்கினார். அன்றைக்கு எனக்கு அது மூன்றாவது பேட்டி. தலையாட்டிக்கொண்டே எழுதினேன்.

படம் வேண்டுமே என்று, பக்கத்தில் வேலை முடிந்து வைத்திருந்த இன்னொரு குப்பியை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன். (தொடாதீர்கள் என்று சுவரில் எழுதியிருந்தது. அதையும் குறித்துக்கொண்டிருந்தேன்.) மூடி இறுகவில்லை. சட்டைக் கையில் ஒரு சொட்டு.

"ஆபத்து இல்ல சார், ஆனா நாறும். சட்டைய மாத்திட்டுப் போங்க."

"எனக்கு ஒண்ணும் தெரியலையே மேடம்."

"உங்க மூக்கு பழகிடுச்சு. பஸ்ல இருக்கறவங்க மூக்கு பழகாது."

வீட்டுக்குப் போய் ஆறு மணிக்குள் செய்தி அனுப்ப வேண்டும். அப்படியே கிளம்பினேன்.

தவளக்குப்பம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பக்கத்தில் மீன் கூடையோடு ஓர் அம்மா. முருங்கப்பாக்கம் தாண்டுவதற்குள் வண்டியே மூக்கைப் பொத்தியது.

"ஏம்மா, கூடைய எடுத்துக்கிட்டு எறங்கு," என்றார் கண்டக்டர்.

"காலைல புடிச்ச மீனுப்பா. வேணும்னா மோந்து பாரு. இப்ப எறங்குனா மார்க்கெட் முடிஞ்சிடும், மொத்தமும் கருவாடுதான்."

மோந்து பார்க்க ஆளில்லை. உண்மை தெரிந்த ஒரே பத்திரிகைக்காரன் ஜன்னலுக்கு வெளியே ஒரு டயர் கடைப் பலகையை மூன்று முறை படித்தான்.

அரியாங்குப்பத்தில் அந்தம்மாவை இறக்கிவிட்டார்கள். விசிலை வாயில் வைத்த கண்டக்டர், மறுபடியும் மூக்கைப் பிடித்தார். கீழேயிருந்து குரல் வந்தது:

"நான் எறங்கிட்டேன். நாத்தம் எறங்கலியே!"

பஸ் சிரித்தது. பிறகு முன் சீட்டுக்காரர் திரும்பி என் சட்டைக் கையைப் பார்த்தார். நானே எழுந்து இறங்கினேன்.

"நாந்தாம்மா," என்றேன்.

"ஏறும்போதே தெரியும். மீனு வாசம் எனக்குத் தெரியாதா?"

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"உன் கையில பேனா, என் கையில கூடை. எவன் நம்புவான்?"

கண்டக்டர் கூடையைத் தானே தூக்கி ஏற்றி, அந்தம்மாவையும் ஏற்றிக்கொண்டார். நான் வீடு வரை நடந்தேன். (வந்த ஆட்டோக்கள் வேகத்தைக் குறைத்தன. பிறகு கூட்டின.) ஆறு மணிச் செய்தி ஏழரைக்குப் போனது.

இப்போதும் வீட்டில் எதையாவது உடைத்துவிட்டு நான் பேசாமல் இருந்தால், என் மனைவி மகளிடம் சொல்வாள்: "பாரு, அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிட்டாரு."

செய்தி மூன்றாம் பக்கத்தில் வந்தது. படத்துக்கு இடமில்லை.